மாதத்துக்கு 12 மணி நேரம்

மார்ச் மாதத்துக்கான சம்பள க்ளெய்ம் ஃபாரத்தை நேற்று ராத்திரி நிரப்பி அனுப்பினேன். ஒரே பக்கம்தான். பெயர், வரி எண், பாடத்தின் குறியீடு, தேதி, வகுப்பறை, எத்தனை மணி நேரம். நான்கு புதன்கிழமைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம், கூட்டினால் 12. அந்த எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் பக்கத்திலேயே இந்தப் பருவத்தின் இரண்டாவது கட்டுரை 42 பேருடையதும் திருத்தாமல் அடுக்கிக் கிடந்தது. அதற்கு அந்த ஃபாரத்தில் கட்டம் கிடையாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏழு வருடமாகப் பகுதி நேர விரிவுரையாளராக இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை, ஒரு இடத்தை மட்டும் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை, பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுக்கிற தோழிகள் வேறு ஊர்களிலும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். வரலாறு படித்தேன், கல்யாணமாகி 2012-ல் இங்கே வந்தேன், இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான் எடுப்பது முதலாண்டு மாணவர்களுக்கான பொதுப் பாடம். லிபரல் ஸ்டடீஸ் என்று சொல்வார்களே அந்த வகை, பல துறைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லும் பாடம். பொறியியல், நர்சிங், கணக்கியல், ஆடை வடிவமைப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஒருவருக்கும் இது முதன்மைப் பாடம் கிடையாது, எந்தத் துறைக்கும் இது சொந்தமும் கிடையாது. சொந்தக்காரர் இல்லாத பாடத்தை நிரந்தர வேலையில் இருப்பவர்கள் எடுக்க யோசிப்பார்கள், ஏனென்றால் அவர்களுடைய பதவி உயர்வு அவரவர் துறையில்தான் இருக்கிறது. அதனால் அது எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்கிறது.

முதல் இரண்டு வருடம் எனக்கு முன்னால் இருந்தவர் போட்டு வைத்த திட்டத்தையே பின்பற்றினேன். ஒரு வாரம் வரலாறு, அடுத்த வாரம் சுற்றுச்சூழல், அப்புறம் பொருளாதாரம், அப்புறம் ஊடகம். ஆளுக்கொரு பூப் பறித்துக் கதம்பம் கட்டுவது போல. மாணவர்களும் அப்படியே எழுதினார்கள், ஒரு பத்தி இது, ஒரு பத்தி அது, இரண்டுக்கும் நடுவே நூல் இல்லை. பிழை அவர்களுடையது இல்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மூன்றாவது வருடம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, 13 வாரமும் ஒரே பொருள் என்று வைத்தேன். சர்க்கரை.

டர்பனில் இருந்துகொண்டு வேறு எதை வைப்பது? வடக்கே டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு, வெட்டும் பருவத்தில் தோட்டத்துக்குத் தீ வைத்தால் கொடியில் காயும் துணியில் கரி வந்து விழுகிறது, துறைமுகத்தில் மேடன் வார்ஃபில் சர்க்கரை மலையாகக் கிடக்கிறது, என் வகுப்பில் இருக்கிற பாதிப் பேர் இந்த ஊரில் பிறந்ததற்கே ஏதோ ஒரு வகையில் அந்தக் கரும்புதான் காரணம்.

ஒரு வகுப்பை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இந்தப் பாடம் என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கரும்பை வெட்டிவிட்டால் ஆலை காத்திருக்க முடியாது. வெட்டிய கரும்புக்குள் இருக்கும் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகத் தொடங்கிவிடும். நாக்கில் வைத்தால் இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சாற்றைக் காய்ச்சினால் சர்க்கரை மணி மணியாகப் படியாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாபநாசம் பகுதியில் அச்சு வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகளில் பழைய கரும்பு வந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், பாகு பதத்துக்கு வராது என்பார்கள். அதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது என்று நான் படித்தது இந்தப் பாடத்துக்காக, 38 வயதில்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் நர்சிங் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். அதனால் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். வார்விக் சந்தையில் கரும்பு விற்கும் ஒரு வயதான அம்மா இருக்கிறார், கோகோ என்று கூப்பிடுவோம், ஜூலுவில் பாட்டி. அவரிடம் அன்று வந்த கரும்பு ஒன்று, நான்கு நாளாகக் கிடந்து காய்ந்தது ஒன்று என்று வாங்கினேன். பழசை எதற்கு வாங்குகிறாய் என்று கேட்டுவிட்டு அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டையும் தோல் சீவி, தேங்காய்த் துருவியில் துருவி, மெல்லிய துணியில் பிழிந்து, இரண்டு பாட்டிலில் எடுத்துப் போனேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு நல்ல மனிதர் பெனடிக்ட் கரைசலும் டெஸ்ட் ட்யூப்பும் மின்அடுப்பும் கொடுத்து உதவினார். உடைந்த சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த நீலக் கரைசல் நிறம் மாறிக் காட்டும். அதில் சாற்றை விட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம். புதுச் சாறு பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கி நின்றது. பழைய சாறு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அப்புறம் செங்கல் நிறமாகி அடியில் படிந்தது. 42 பேரும் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆடை வடிவமைப்புப் படிக்கும் ஒரு பெண் அந்த நிறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அப்போது பொறியியல் மாணவன் ஒருவன் கேட்டான். "மேம், அப்படின்னா வெட்டுறவங்க ஞாயித்துக்கிழமை லீவு கேட்டா என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று வாரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். கரும்பு காத்திருக்காது என்றால் வெட்டுகிறவன் நிற்கக் கூடாது, நிற்க மாட்டான் என்பதற்கு முதலாளிக்கு உறுதி வேண்டும், உறுதி வேண்டுமென்றால் அது கூலியில் மட்டும் இருந்தால் போதாது, சட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்த வாரம், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் படித்தோம். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் பெரும்பகுதி மெட்ராஸில் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாவது வருடம் 14. வேலைக்கு வராமல் இருந்தால் அது குற்றம், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. 1895-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு திரும்ப ஒப்பந்தத்திலும் சேராமல், ஊருக்கும் போகாமல், இங்கேயே இருக்க நினைக்கிறவர் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். கணக்கியல் படிக்கும் பையன் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தான். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். அவன் அதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. அந்த வரியை எதிர்த்துதான் 1913-ல் தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை நின்றது, 1914-ல் வரி போயிற்று.

ஒரு சாற்றின் நிறத்தில் தொடங்கி ஒரு வரிச் சட்டத்தில் போய் நிற்க அவர்களால் முடிந்தது, நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவர்களே ஒவ்வொரு படியிலும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். பல்துறைப் படிப்பு என்று நான் நம்புவது இதைத்தான். இதைச் செய்ய எனக்கு வேதியியலும் சட்டமும் கணக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், தெரியாததை ராத்திரியில் உட்கார்ந்து படிக்க வேண்டும், படித்ததை யாராவது தெரிந்தவரிடம் போய்ச் சரிதானா என்று கேட்க வேண்டும். இதில் ஒன்றுகூட அந்த 12-க்குள் வராது.

கப்பல் பட்டியல் வகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வந்தவர்களின் பெயர்ப் பதிவேடு இங்கே காப்பகத்தில் இருக்கிறது, வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாக. சில பக்கங்களை நகல் எடுத்துக் கொடுப்பேன். கவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லி, படையாச்சி என்ற பெயருள்ள பிள்ளைகள் உடனே தங்கள் குடும்பப் பெயரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள், கிடைக்காது. ஏனென்றால் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் எழுதியிருக்கும், குடும்பப் பெயர் என்பது இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் தேவைப்பட்டு ஒட்டிக்கொண்டது. கவுண்டர் என்பதும் முதலி என்பதும் எழுத்தரின் காதில் விழுந்து வேறு எழுத்தில் வெளியே வந்தன.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெண், நாலாவது தலைமுறை, வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை, முறுக்கு, வடை, காவடி, ஆயா, தாத்தா என்ற சொற்கள் மட்டும் மிச்சம். ஜில்லா என்ற கட்டத்தில் இருந்ததை 'சிங்கிள்புட்' என்று வாசித்தாள். செங்கல்பட்டு என்று சொன்னேன். திரும்பச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். போனை எடுத்து முன்னால் நீட்டி, இன்னொரு தடவை, மெதுவாக, என்றாள். பதிவு செய்துகொண்டு, எங்கள் ஆயாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவர் ஏதோ ஒரு ஊர்ப் பெயர் சொல்வார், நாங்கள் அது பாட்டில் வரும் சொல் என்று நினைத்திருந்தோம் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூலு மாணவி தாணா என்றால் என்ன என்று கேட்டாள், போலீஸ் எல்லை என்றதும், ஊரை எதற்குப் போலீஸ் எல்லையாக எழுதினார்கள் என்று அடுத்த கேள்வி. அதற்கு எனக்கு அன்று முழுப் பதில் தெரியவில்லை, அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொன்னேன்.

சர்க்கரை என்ற சொல்லுக்கே ஒரு வகுப்பு போகும். ஜூலுவில் உஷுகெலா, ஆஃப்ரிகான்ஸில் சய்கர், ஆங்கிலத்தில் சுகர், தமிழில் சர்க்கரை, எல்லாவற்றுக்கும் ஒரே வேர், வடமொழியின் சர்க்கரா. ஆனால் கரும்புக்கு ஜூலுவில் உமோபா, தமிழில் கரும்பு, இரண்டும் எங்கிருந்தும் கடன் வாங்காத சொற்கள். தின்பது கடையிலிருந்து வந்தது, பயிரை அவரவர் மண்ணில் பார்த்துப் பேர் வைத்தார்கள் என்று ஒரு பையன் சொன்னான். மொழியியலாளர் யாராவது மறுக்கலாம், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கடைசியில் நோய்க்கு வருவோம். இங்கே இந்திய வீடுகளில் 'ஷீ காட் சுகர்' என்றால் நீரிழிவு, தமிழ்நாட்டில் நாம் சுகர் இருக்கு என்று சொல்வதேதான். 2018 ஏப்ரலிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு இந்த நாட்டில் வரி இருக்கிறது, 100 மில்லிக்கு 4 கிராம் வரை விலக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் வரி. 1895-ன் வரியையும் 2018-ன் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரிடமிருந்து யாருக்காக என்று எழுதச் சொல்வதுதான் கடைசிக் கட்டுரை.

சரி, மணிக்கணக்குக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் பாடத்துக்குக் கிரெடிட் கணக்கிடும் முறை எனக்குப் பிடித்த ஒன்று. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் சராசரியாக 10 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பொருள். எங்கள் பாடம் 16 கிரெடிட், ஆக 160 மணி நேரம். இதில் வகுப்பில் உட்காருவது 13 வாரமும் சேர்த்து 39 மணி நேரம்தான். மிச்சம் 121 மணி நேரமும் வாசிப்பது, எழுதுவது, கூடிப் பேசுவது, தேர்வுக்குத் தயாராவது. படிப்பு என்பது வகுப்பறைக்கு வெளியேதான் பெரும்பகுதி நடக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்கு நன்றாகத் தெரியும், எழுதி வைத்திருக்கிறார்கள். கற்கிறவருக்கு அந்தக் கணக்கைப் போடுகிற இடம், கற்றுக்கொடுக்கிறவருக்கு 39 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு பருவத்தில் ஆளுக்கு மூன்று கட்டுரை, 42 பேருக்கு 126, ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் திருத்துவதற்கு மட்டுமே 42 மணி நேரம். பாடம் எடுக்கும் நேரத்தைவிட அதிகம். முதலாண்டில் ஒரு பிள்ளைக்குக் கட்டுரை எழுத வருவதும் வராததும் ஓரத்தில் நாம் எழுதும் நாலு வரியில் இருக்கிறது, 20 நிமிடத்துக்குக் கீழே அதைச் செய்ய என்னால் முடியாது.

அப்புறம் சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது, பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 24. ஒரு முதலாளியிடம் மாதம் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது, யூ.ஐ.எஃப். என்று இங்கே சொல்வது. மகப்பேறு கால உதவியும் அதிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் கிடையாது. தொழிலாளர் சட்டத்தில் கொண்டுவந்து 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பகுதி நேர ஊழியரை அதே வேலை பார்க்கும் முழு நேர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். அதுவும் 24 மணி நேரத்துக்குக் குறைந்தவருக்குப் பொருந்தாது. காகிதத்தில் என் மாதம் 12 மணி நேரம், ஐந்து புதன்கிழமை வந்தால் 15. இரண்டு குழு கொடுத்தால் 24-ஐத் தொட்டுவிடும், ஏழு வருடத்தில் எனக்கு எப்போதும் ஒரு குழுதான் வந்திருக்கிறது. யாரோ திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் தயாரிப்பையும் திருத்துவதையும் வேலை என்று எண்ணினால் நான் எந்த மாதமும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருப்பேன். என்னோடு இந்தப் பாடம் எடுத்த ஒரு தோழிக்குக் குழந்தை பிறந்தபோது கையில் ஒன்றும் வரவில்லை, ஆறாவது வாரம் வகுப்புக்கு வந்து நின்றாள்.

ஒப்பந்தம் பருவத்துக்கு ஒரு தடவை. இந்த வருடம் கடிதம் வந்தது மூன்றாவது வார வகுப்பு முடிந்த பிறகு. வருமா வராதா என்று தெரியாமல் மூன்று வகுப்பு எடுத்தேன், ஏனென்றால் எடுக்காவிட்டால் பிள்ளைகள்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இதைவிட என்னை வருத்தியது போன டிசம்பர். ஒப்பந்தம் முடிந்த அன்றே மின்னஞ்சலும் நூலக அனுமதியும் நின்றுவிடும். செங்கல்பட்டைப் பதிவு செய்த அதே பெண், இப்போது மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டாள், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியிருக்கிறாள். இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். மேம் பதில் போடவில்லை, தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டாள். பிப்ரவரியில் மின்னஞ்சல் திரும்பத் திறந்ததும் அந்த இரண்டு கடிதத்தையும் பார்த்தேன், கடைசி நாள் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். பரவாயில்லை மேம், அடுத்த வருடம் போடுகிறேன் என்றாள். இப்போது எல்லா மாணவர்களுக்கும் என் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிடுகிறேன், அது விதிக்குப் புறம்பு என்றாலும்.

ஒப்பந்தக் கூலி வகுப்பில் ஒரு நர்சிங் மாணவி கேட்டாள், "உங்க கான்ட்ராக்ட் எத்தனை மாசம் மேம்?" ஐந்து மாதம் என்றேன். "அப்போ நீங்களும்…" என்று தொடங்கினாள். அவளை அங்கேயே நிறுத்தினேன். இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விட்டுவிட்டுப் போகலாம், யாரும் என்னைச் சிறையில் போட மாட்டார்கள், என் மேல் அடையாளத் தழும்பு எழுதி வைக்கவில்லை. அந்த மக்களின் துன்பத்தை எடுத்து என் குறைக்குப் போர்த்திக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது, எங்கே ஒன்று, எங்கே வேறு என்று பிரித்துச் சொல், அதுதான் உன் கட்டுரை என்றேன். நன்றாகவே எழுதினாள்.

எனக்கு ஒப்பிடத் தோன்றுவது வேறு ஒரு பழைய கதை. 1936-ல் நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரியில் மேபல் பால்மர் என்ற அம்மையார், வெள்ளையரல்லாத மாணவர்களுக்கென்று தனி வகுப்புகளைத் தொடங்கினார். வெள்ளை மாணவர்களோடு ஒன்றாக உட்கார வைக்கமாட்டார்கள், அதனால் இந்தியப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக இருந்த சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில், பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரத்தில். வந்தவர்களில் பலர் பகலில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். அந்தக் கல்லூரிக்குப் பேர் வைத்தது வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியை வைத்து, இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, 1927-ல் இங்கே வந்தவர், திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர். எங்கள் ஊரிலிருந்து வலங்கைமான் கொஞ்ச தூரம்தான், அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இந்த ஊரில் நம் மக்களுக்குப் பல்கலைக்கழகம் என்பதே பகுதி நேரமாகத்தான், மிச்ச நேரத்தில்தான் கிடைத்தது. அப்புறம் 1959-ல் பல்கலைக்கழகங்களை இனம் இனமாகப் பிரித்தார்கள், 1961-ல் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டடிகளில், இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரி. படகில் போய்ப் படித்தார்கள். அதை எல்லாம் தாண்டித்தான் இன்று என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். அதனால்தான் இந்த வகுப்பை மிச்ச நேரத்து வேலையாக நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

2015 அக்டோபரில் கட்டண உயர்வை எதிர்த்து நாடு முழுக்க மாணவர்கள் எழுந்தார்கள். அந்த மாதம் 23-ம் தேதி அரசு உயர்வே இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகள் தங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. துப்புரவுத் தொழிலாளர்களையும் காவலர்களையும் வெளி ஒப்பந்தத்திலிருந்து எடுத்து நேரடி வேலையில் சேர்க்கச் சொன்னார்கள், பல பல்கலைக்கழகங்கள் சேர்த்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாடத்திட்டம் இந்த மண்ணிலிருந்து எழ வேண்டும் என்றும் கேட்டார்கள், சர்க்கரை மாதிரி ஒரு பாடத்தை வைக்க எனக்குத் துணிச்சல் வந்தது அந்தப் பேச்சிலிருந்துதான். அந்தப் பாடத்தை யார், எந்த நிலையில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள் என்ற கேள்வி மட்டும் அன்றைக்குப் பெரிதாக எழவில்லை. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருடமாக நிற்கும் என் வகுப்புத் தோழிகளிடம் பேசும்போதும் இதே கேள்வி வந்து நிற்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் அதற்குத் தயாராகவும் திருத்தவும் எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு இருக்கட்டும், குறைவாகவே இருந்தாலும் ஒரு எண் இருக்கட்டும். ஒப்பந்தம் வருடத்துக்கு ஒன்றாகட்டும், பிப்ரவரிக்கு முன்னால் கையில் வரட்டும். டிசம்பரில் மின்னஞ்சலை மூடாதீர்கள், அதற்குக் காசே செலவாகாது. எங்கள் பொறுப்பாளர் நல்லவர், அவரும் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்க்கிறார், போன வாரம் அவரிடம் இதைச் சொன்னபோது எழுத்தில் கொடு, மேலே அனுப்புகிறேன் என்றார்.

அதனால் நேற்று ராத்திரி ஃபாரத்தின் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். தயாரிப்பு 31 மணி நேரம். திருத்தியது 14 மணி நேரம். தேதிவாரியாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இன்று காலை சம்பளப் பிரிவிலிருந்து பதில் வந்துவிட்டது, கூடுதலாக எழுதிய வரிகளை நீக்கி மறுபடி அனுப்பவும், இல்லாவிட்டால் இந்த மாதக் கணக்கில் சேராது என்று. நீக்கி ஒன்று அனுப்பினேன், வாடகை கட்ட வேண்டும். நீக்காததைத் தனித் தாளாக வைத்துப் பொறுப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன், இதே பாடம் எடுக்கும் மற்ற நான்கு பேருக்கும் ஒரு நகல். அதில் இரண்டு பேர் தங்கள் மணிக்கணக்கையும் எழுதி இதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒருவருடையது 31-ஐவிட அதிகம்.

நாளைக்குப் புதன். காலையில் வார்விக்கில் டாக்ஸியை விட்டு இறங்கிக் கரும்பு வாங்க வேண்டும். பழசு ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி கோகோவிடம் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்.